வேறு யார் ஆடுகிறார்கள்?

2023 அக்டோபர் கடைசி. ராட்டர்டாம் பக்கம் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில், மகள் ஆடும் கோர்ஃப்பால் கிளப்பின் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். கோர்ஃப்பால் என்றால் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் சேர்ந்து, கம்பத்தின் மேலிருக்கும் கூடையில் பந்தை எறியும் விளையாட்டு. வெளியே விடாத தூறல். வாசலில் பிள்ளைகளின் ஈர ஷூக்கள் சிதறிக் கிடந்தன. உள்ளே காபியும், சீஸ் உருகிய டோஸ்டியும் மணந்தன. சுவர் டிவியில் தைப்பேயில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நெதர்லாந்தும் தைவானும். நெதர்லாந்து ஜெயித்தது. கேன்டீனில் கை தட்டினார்கள். பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் பேசி முடித்ததும் தட்டுவோமே, அந்த அளவுக்கு. யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. காபி மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாடு உலகக் கோப்பையை ஜெயித்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த அறையில் பேச்சு மழைக்கும் பார்க்கிங்குக்கும் போய்விட்டது.

எனக்கு அது என்னவோ போல இருந்தது. மேஜையில் இருந்தவர்களைப் பார்த்து, "நீங்கள் ஜெயிக்காமல் இருப்பதற்கு வேறு யார் ஆடுகிறார்கள் இதை?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர், தடித்த சாம்பல் நிற ஸ்வெட்டர். அவருடைய பேத்தியும் என் மகளும் ஒரே அணி. பேத்தி ஆடும் நாட்களில் பெல்ஜியத்திலிருந்து, ஆன்ட்வெர்ப் பக்கமிருந்து எல்லையைத் தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டு வருவார். அதுவரை நாங்கள் வணக்கம் சொல்வதோடு சரி. கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "நாங்கள் ஆடுகிறோமே" என்றார். குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டுக் கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகள் பின் சீட்டில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. அன்று பெல்ஜியத்துக்குக் கிடைத்தது வெண்கலம். இறுதி ஆட்டத்திலேயே அவர்கள் இல்லை. தன் நாட்டு அணி மூன்றாவதாக முடித்த போட்டியின் இறுதி ஆட்டத்தைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த மனிதரிடம்தான், வேறு யார் ஆடுகிறார்கள் என்று நான் கேட்டிருந்தேன்.

பன்னிரண்டு வரிகள்

அன்று இரவு கோர்ஃப்பால் உலகக் கோப்பைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சின்னப் பட்டியல்தான். 1978-இல் தொடங்கி 2023 வரை பன்னிரண்டு போட்டிகள். அதில் பதினொன்று நெதர்லாந்துக்கு. உலக விளையாட்டுப் போட்டிகள் என்று ஒன்று உண்டு, ஒலிம்பிக்கில் இடமில்லாத விளையாட்டுகளுக்கானது. அதில் 1985 லண்டன் முதல் 2022 அமெரிக்காவின் பர்மிங்ஹாம் வரை கோர்ஃப்பால் பத்து முறை நடந்திருக்கிறது. பத்துத் தங்கமும் இவர்களுக்கே. நான் கேன்டீனில் கேட்ட கேள்விக்கு இந்தப் பட்டியலே சாட்சி என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம்தான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். முதலிடத்தை மட்டும் படித்தால் அது ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிய நோட்டுப் புத்தகம் போல இருக்கும். இரண்டாம் இடத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் வேறு கதை. 1978 பெல்ஜியம். 1984 பெல்ஜியம். 1987 பெல்ஜியம். 1991-இல் மட்டும் அங்கே நெதர்லாந்து. மறுபடி 1995 பெல்ஜியம், 1999 பெல்ஜியம், 2003, 2007, 2011, 2015, 2019 எல்லாம் பெல்ஜியம். பத்து வெள்ளி. சீனா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று உலகத்தின் எந்த மூலையில் நடந்தாலும் பெட்டி கட்டிக்கொண்டு போய், வழியில் எல்லோரையும் ஜெயித்து, கடைசி நாளில் நெதர்லாந்தின் அதே ஆரஞ்சுச் சட்டைகளிடம் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.

இதை மூன்று நான்கு முறை படித்தேன். ஒரு அணியின் சர்வதேசச் சாதனை என்றால் தங்கத்தை எண்ணுவதுதான் நம் பழக்கம். பெல்ஜியத்தின் கணக்கை அப்படி எண்ணினால் ஒன்று என்று முடிந்துவிடும். ஆனால் பன்னிரண்டு முறையும் பதக்க மேடையில் நின்றிருக்கிறது அந்த அணி. 2023 வருவதற்கு முன் ஒரு முறைகூட இறுதி ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல், தலைமுறை மாறி, ஆட்டக்காரர்கள் மாறி, விதிகள்கூட மாறி, அந்த இடம் மட்டும் மாறாமல் நின்றிருக்கிறது. நெதர்லாந்தின் பதினொன்றில் பத்துக்கு எதிரில் நின்றவர்கள் இவர்கள்தான். இவர்கள் வராமல் இருந்திருந்தால் அந்தப் பத்தும் எதை வைத்து அளக்கப்பட்டிருக்கும்?

கழன்று வருவது

நெதர்லாந்து ஏன் ஜெயிக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். விளையாட்டு பிறந்ததே இங்கே. 1902-இல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் நிகோ ப்ரூக்ஹாய்சன், சுவீடனில் ஒரு பயிற்சிக்குப் போனபோது அங்கே பார்த்த வளைய விளையாட்டு ஒன்றைத் தன் மாணவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொண்டுவந்தார். அவர் வகுப்பில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து இருந்தார்கள், அதனால் விளையாட்டும் சேர்ந்தே. அடுத்த வருடமே இங்கே சங்கம் தொடங்கிவிட்டார்கள். இன்று எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊரில்கூட கால்பந்து மைதானத்தை ஒட்டி மஞ்சள் கூடை மாட்டிய கம்பங்கள் நிற்கும். தாத்தா ஆடிய கிளப்பில் அப்பா ஆடி, இப்போது பேத்தி ஆடுகிறாள். இந்த நாட்டு லீக்கில் ஆடும், நெதர்லாந்தின் பழைய காலனியான சுரினாம் வம்சாவளி ஆட்டக்காரர்கள் சேர்ந்தாலே இன்னொரு நாட்டு அணி தேறிவிடுகிறது, சுரினாமின் அணி பெரும்பாலும் அப்படி அமைந்ததுதான். ஆரஞ்சுச் சட்டைக்குள் நுழைவதுதான் இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய போட்டி. அதன் பிறகு வரும் உலகக் கோப்பை அதைவிடக் கொஞ்சம் எளிது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஆட்டத்தின் உள்ளே ஒரு விஷயம் இருக்கிறது. அது தெரியாமல் பெல்ஜியத்தின் இரண்டாம் இடம் எனக்குப் புரிந்திருக்காது. ஒரு அணியில் நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். ஆணை ஆண்தான் காக்கலாம், பெண்ணைப் பெண்தான். பந்தைத் தட்டிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ ஓடக் கூடாது, கைக்கு வந்தால் நின்று அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மூன்றரை மீட்டர் உயரத்தில் கூடை, பின்னால் பலகை கிடையாது. கம்பம் எல்லைக்கோட்டில் இல்லாமல் மைதானத்துக்கு உள்ளே நிற்பதால் கூடையைச் சுற்றி எந்தப் பக்கத்திலிருந்தும் எறியலாம். இதெல்லாம் சரி, முக்கியமான விதி இதுதான்: உன்னைக் காப்பவர் உனக்கும் கூடைக்கும் நடுவே, கை எட்டும் தூரத்தில், கையை உயர்த்தித் தடுத்துக்கொண்டு நின்றால் நீ எறியவே கூடாது. எறிந்து பந்து கூடையில் விழுந்தாலும் கோல் இல்லை. இடித்துத் தள்ளி வழி பண்ணவும் கூடாது. உயரமாக இருப்பதாலோ பலசாலியாக இருப்பதாலோ மட்டும் ஒன்றும் ஆகாது. ஓடி, சட்டென்று நின்று, திசை மாறி, எதிராளி ஒரு அடி பின்தங்கும் அந்த நொடியில் எறிய வேண்டும்.

இங்கே அதை 'ஃப்ரை' ஆவது என்பார்கள், விடுபடுவது. நான் வீட்டில் அதைக் கழன்று வருவது என்று சொல்லிப் பழகிவிட்டேன். பிடியிலிருந்து கழன்று வருவதைக் கபடி பார்த்து வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் மகள் முதல் வருடம் முழுக்க ஒரு கோல்கூடப் போடவில்லை. அவளைக் காத்த பிள்ளைகள் எல்லோரும் அவளைவிட ஒரு சாண் உயரம். இரண்டாவது வருடம் கம்பத்துக்குப் பின்னால் போய்ப் பாதியில் திரும்பும் ஒரு ஓட்டத்தைக் கண்டுபிடித்தாள். இடது கால் ஊன்றும், உடம்பு முழுக்க இடது பக்கம் சாயும், எதிராளி சாய்வை நம்பி நகர்ந்ததும் வலது பக்கம் வெளியே வருவாள். பத்தில் எட்டு முறை பந்து அவளுக்கு வராது. வந்தாலும் கூடையில் விழாது. ஆனால் கழன்றிருப்பாள். அதைக் கணக்கில் எழுத ஆட்டத் தாளில் கட்டம் கிடையாது.

1991

ஜனவரியில் உள்ளரங்கப் பருவத்தின் நடுவில் அந்தப் பெல்ஜியத்துப் பெரியவரை மறுபடி பார்த்தேன். வெளியூர் ஜிம்னாசியம் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஆட்டம். பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்றைக்கு நான் பேசினது சரியில்லை" என்றேன். கையை வீசி, "நெதர்லாந்துக்காரர்கள் இதைவிட மோசமாகச் சொல்வார்கள், பழகிவிட்டது" என்றார். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தோம். அப்புறம் நான் கேட்காமலேயே, "தொண்ணூற்றொன்றில் நான் அங்கே இருந்தேன்" என்றார்.

அப்போது அவருக்கு நாற்பதைத் தொட்ட வயது. துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் ஊர் கிளப்பின் இரண்டாம் அணியில் ஆட்டம். 1984-இல் உலகக் கோப்பை பெல்ஜியத்திலேயே நடந்தபோது போயிருக்கிறார், தோற்றார்கள். 1987-இல் எல்லையைத் தாண்டி நெதர்லாந்துக்குப் போயிருக்கிறார், தோற்றார்கள். 1991-இல் போட்டி மறுபடி அவர் ஊருக்கே, ஆன்ட்வெர்ப்புக்கே வந்தது. இந்த முறை போக வேண்டாம் என்று நினைத்திருந்தாராம். அவர் மனைவிதான் கிளம்பச் சொன்னார்: "வீட்டில் உட்கார்ந்து தோற்பதைவிட அங்கே போய்த் தோற்கலாம், வா." அந்த அம்மா இப்போது இல்லை. இதைச் சொல்லும்போது அவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

11-10. ஒரே கோல். அந்தப் பன்னிரண்டு வரிகளில் நெதர்லாந்து தோற்ற ஒரே வரி அதுதான். எப்படி ஜெயித்தார்கள், கடைசி நிமிடங்கள் எப்படிப் போயின என்று ஆவலாகக் கேட்டேன். அவர் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, விசில் ஊதியதும் அவர் ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை, ஸ்கோர் பலகையைப் பார்த்தார். ஒரு முறை பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார், மறுபடி பலகை, மறுபடி மனைவி. அதுவரை எத்தனையோ முறை பார்த்த அதே இரண்டு நாட்டுப் பெயர்கள், எண் மட்டும் இடம் மாறியிருந்தது. மனைவி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்ததில் வாட்ச் பட்டையின் தடம் இரண்டு நாள் இருந்ததாம். சொல்லும்போது இடது மணிக்கட்டை வலது கை விரல்களால் வளைத்துக் காட்டினார். அந்த வளையத்துக்குள் அவர் கை இப்போது மெலிந்து இருந்தது.

இரண்டாவது விஷயத்தைத்தான் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். "அன்றைக்கு நாங்கள் எண்பத்தேழைவிட நன்றாக ஆடினோம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எண்பத்தேழிலும் நன்றாகத்தான் ஆடினார்கள். எண்பத்து நான்கிலும். நான் பார்த்தேனே." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஜெயித்த வருடத்தை மட்டும் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். மற்ற வருடங்களில் ஆடிய பிள்ளைகளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்."

அடுத்த உலகக் கோப்பை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "1995. உங்கள் நாட்டில்தான், டெல்லியில். தோற்றோம்." உலக சாம்பியனாகப் போய், இரண்டாவதாகத் திரும்பியிருக்கிறார்கள். அந்த வருடம் நான் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டெல்லியில் அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. பெல்ஜியம் தன் ஒரே உலகப் பட்டத்தை இழந்தது என் நாட்டு மண்ணில் என்பதை, முப்பது வருடம் கழித்து நெதர்லாந்தில் ஒரு பள்ளிக்கூட ஜிம்னாசியத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

எதிர்க் கரையில் நின்றபோது

எனக்கு இது இவ்வளவு உறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. ஜெயிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத பக்கத்தில் நானும் இருந்தவன்தான். எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் கபடி நடக்கும். ஆசிய விளையாட்டில் 1990-இல் கபடி சேர்ந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கு. ஏழாவது தங்கம் வந்தபோது நான் பேப்பரில் அந்தச் செய்தியைத் தாண்டிப் போயிருப்பேன். அந்தக் கேன்டீனில் கை தட்டியவர்கள் மாதிரியேதான். 2018-இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் 27-18 என்று ஜெயித்தபோது மட்டும் தூக்கம் வரவில்லை. வீட்டிலிருந்து யாரோ பொருளைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. மறுநாள் பெண்கள் இறுதியிலும் ஈரான், 27-24.

அப்போதுதான் ஈரான் யார் என்று திரும்பிப் பார்த்தேன். 2010 ஆண்கள் இறுதியில் இந்தியாவிடம் தோற்றவர்கள் ஈரான். 2014 இறுதியில் தோற்றவர்களும் அவர்களே, அதுவும் 27-25, இரண்டே புள்ளி. 2014 பெண்கள் இறுதியில் தோற்றதும் ஈரான். அவர்கள் எட்டு வருடமாக வாசலில் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. 2018-இல் ஈரான் பெண்கள் அணியின் பயிற்சியாளர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஜெயித்துக்கொண்டே இருக்கும் நாட்டிலிருந்து ஒருவர் போய், தோற்றுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அன்று சிலர் அவரைத் திட்டினார்கள். என் மனதிலும் ஒரு கசப்பு இருந்ததை மறைக்க மாட்டேன். இன்று யோசித்தால், கபடிக்கு அந்த ஆசிய விளையாட்டில் கிடைத்ததிலேயே பெரிய நல்லது அவர் செய்ததுதான் என்று தோன்றுகிறது.

கோர்ஃப்பாலுக்கும் அதே பாடுதான். 1920 ஆன்ட்வெர்ப், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குகளில் காட்சி விளையாட்டாக வந்தது, அதற்குப் பிறகு வரவேயில்லை. 1993-இல் ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் கிடைத்தும் வாசல் திறக்கவில்லை. கிட்டத்தட்ட எழுபது நாடுகளில் சங்கங்கள் இருக்கின்றன. ஆனாலும், யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த விளையாட்டை உலகம் எதற்கு உட்கார்ந்து பார்க்கும் என்று கேட்கிறவர்களிடம் சொல்லப் பதில் வேண்டுமே. அந்தப் பதிலை நாற்பது வருடத்துக்கு மேலாகத் தங்கள் முதுகில் சுமந்தவர்கள் பெல்ஜியத்துப் பிள்ளைகள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு உலகக் கோப்பை. முடிவு என்ன ஆகும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனார்கள்.

தைவான்

இனி 2023. பெரியவர் அன்று கேன்டீனில் ஏன் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார் என்பதை நான் தாமதமாகத்தான் கேட்டேன். 2022-இல் பர்மிங்ஹாம் உலக விளையாட்டுகளில் தைவான் வெள்ளி வாங்கியது, பெல்ஜியத்துக்கு வெண்கலம். அடுத்த வருடம் தைப்பேயில், சொந்த மண்ணில், தைவான் உலகக் கோப்பை இறுதிக்கே வந்துவிட்டது. சைனீஸ் தைப்பே என்ற பெயரில்தான் அவர்கள் ஆட வேண்டும், தங்கள் பெயரைக்கூட முழுதாகச் சட்டையில் போட்டுக்கொள்ள முடியாத அணி. ஆசியாவில் பல காலமாக அவர்கள்தான் முன்னணி. உயரத்தில் நெதர்லாந்துக்காரர்களின் தோளுக்கு இருப்பார்கள், ஆனால் கால்கள் நிற்காது. தூரத்திலிருந்து எறிவதைச் சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள். கழன்று வருவது என்று சொன்னேனே, அதை அவர்கள் செய்யும்போது பார்க்க வேண்டும். எறிந்த பிறகுதான் எதிராளிக்கே தெரியும்.

உங்களுக்கு வருத்தமாக இல்லையா, இத்தனை வருடம் கட்டிக் காத்த இடம் போய்விட்டதே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது கூர்மையான கேள்வி என்று தெரிந்தது. அவர் யோசித்தார். "வருத்தம்தான். அரையிறுதி அன்று சாப்பிடவில்லை" என்றார். "ஆனால் இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன். எதற்குத் தெரியுமா? உலகக் கோப்பையில் நாங்கள் நின்ற இடத்தில் வேறு யாரோ நிற்பதை என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். எதிரில் அதே ஆரஞ்சு. அவர்கள் முகத்தைப் பார்க்கணும் என்று இருந்தது." எப்படி இருந்தது முகம் என்றேன். "பயம் இல்லை. எங்களுக்குக்கூட முதலில் பயம் இருந்தது."

நெதர்லாந்தின் பதினொன்றை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு முறை ஜெயிப்பது வேறு, தோற்கவே கூடாது என்ற சுமையோடு ஒவ்வொரு முறையும் மைதானத்துக்குள் நுழைவது வேறு. 1991-இல் தோற்ற பிறகு நான்கு வருடம் கழித்து டெல்லியில் பட்டத்தைத் திரும்ப எடுத்தார்களே, அது அவர்களுக்கும் எளிதாக இருந்திருக்காது. மகளின் பயிற்சியாளர், இருபத்தைந்து வயதுப் பெண், ஒருநாள் சொன்னார்: "ஆரஞ்சுச் சட்டை போட்டவர்களுக்கு ஜெயித்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், தோற்றால் பெயர் காலத்துக்கும் நிற்கும்." அதுவும் உண்மைதான். கேன்டீனில் அன்று கேட்ட அந்தச் சின்னக் கைதட்டல் அந்த ஆட்டக்காரர்களுக்கும் நியாயம் செய்யவில்லை.

ஏப்ரலில்

போன ஏப்ரலில் பிள்ளைகள் மறுபடி வெளி மைதானத்துக்கு வந்தார்கள். காற்று அடித்தால் பந்து கூடையை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகும் இடம் எங்கள் மைதானம். எதிரணி, அந்தப் பிரிவிலேயே முதலில் இருப்பவர்கள். பெரியவர் மடக்கு நாற்காலியைக் கோட்டுக்கு ஓரமாகப் போட்டு, முழங்காலில் கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்றேன். எங்கள் பிள்ளைகள் 9-3 என்று தோற்றார்கள். என் மகள் கோல் போடவில்லை. வழக்கமாக ஆட்டம் முடிந்து அவள் வரும்போது என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "ஜெயிச்சீங்களா?" என்பதாக இருக்கும், பார்க்காத ஆட்டமானால். பார்த்த ஆட்டமானால் "ஏன் அந்தப் பந்தை விட்டே?" என்பதாக இருக்கும். இரண்டும் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

அதற்குள் அவர் அவளைக் கூப்பிட்டார். தண்ணீர் பாட்டிலோடு வந்தாள், முகம் சிவந்து, முன்முடி நெற்றியில் ஒட்டி, வலது முழங்காலில் புல் கறை. அவர் நாற்காலியில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்து, "இன்றைக்கு எத்தனை முறை கழன்றாய்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் மைதானத்தைப் பார்த்தாள். பாட்டிலை இடுக்கிக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். "முதல் பாதியில் ரெண்டு... இல்லை, மூணு. அப்புறம் அந்த உயரமான பொண்ணுகிட்ட ரெண்டு தடவை. கம்பத்துக்குப் பின்னாடி ஒண்ணு. ஆறு." பின்னால் ஓடிவந்த அவர் பேத்தி மூச்சு வாங்க, "ஏழு. கடைசியில் ஒண்ணு இருக்கு, நான்தான் பந்தை உனக்குத் தரலை" என்றாள். அவர் கம்பளியை மடித்துக்கொண்டே, "ஏழா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள்.